விசாவுக்கு ஒரு பாலிசி, ஆஸ்பத்திரிக்கு ஒரு பாலிசி: வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஐரோப்பா சுற்றுலாவுக்கு விண்ணப்பிக்கிறவர்களின் ஃபைலில் பாஸ்போர்ட் நகல், வங்கி அறிக்கை, ஹோட்டல் முன்பதிவு இவற்றோடு ஒரு காப்பீட்டுச் சான்றிதழும் இருக்கும். டிராவல் ஏஜென்ட்டே அதையும் எடுத்துச் சேர்த்துவிடுவார். அதற்கு எவ்வளவு பிரீமியம் கட்டினோம் என்பது வாங்கியவருக்குத் தெரியும். எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. விசாவே கேட்காத நாடுகளுக்குப் போகிறவர்களில் பலர் காப்பீடு எடுப்பதே இல்லை.

காப்பீட்டை விசாவுக்கான காகிதமாகப் பார்ப்பதுதான் இரண்டுக்கும் காரணம். தூதரகம் பார்ப்பது சான்றிதழில் உள்ள ஒரே ஓர் எண்ணை. பயணி பார்க்க வேண்டியவை வேறு. அவை பெரும்பாலும் பாலிசி ஆவணத்தின் பின்பக்கங்களில்தான் இருக்கின்றன.

ஒரு பாலிசிக்குள் இருப்பவை

இந்தியாவில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவக் காப்பீட்டை மட்டும் விற்கும் நிறுவனங்களும் வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டைத் தருகின்றன. பெயர்கள் பலவிதமாக இருந்தாலும் உள்ளே இருப்பவை இவைதான்:

1. மருத்துவச் செலவு. பயணத்தின்போது திடீரென வரும் நோய்க்கும் விபத்துக்கும் சிகிச்சைச் செலவு. காப்பீட்டுத் தொகை என்று பெரிய எழுத்தில் டாலரிலோ யூரோவிலோ அச்சிட்டிருப்பது இதைத்தான்.

2. மீட்டுக் கொண்டுவருதல். நோயாளியைத் தகுந்த மருத்துவமனைக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுசெல்லும் செலவு. இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் இதில் சேரும்.

3. பயண ரத்து. கிளம்பும் முன்பே பயணத்தைக் கைவிட நேர்ந்தாலோ பாதியில் திரும்ப நேர்ந்தாலோ, திரும்பக் கிடைக்காத டிக்கெட், ஹோட்டல் பணம்.

4. லக்கேஜ் தொலைவது, தாமதமாவது, பாஸ்போர்ட் தொலைவது, விமானம் தாமதமாவது.

5. நம்மால் இன்னொருவருக்குச் சேதம் ஏற்பட்டால் தர வேண்டிய இழப்பீடு, விபத்து மரணத்துக்கான தொகை.

விளம்பரத்தில் அதிகம் பேசப்படுவது நான்காவது. பெட்டி வரவில்லை, விமானம் தாமதம் என்பதெல்லாம் எல்லோருக்கும் நேர்வது, அதனால் சுலபமாக விற்கும். ஆனால் பெட்டி தொலைந்து எந்தக் குடும்பமும் கடனாளியானதில்லை. ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் துடைத்துவிடக்கூடியவை முதல் இரண்டும்தான். பாலிசியை அந்த இரண்டை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவை சாப்பாட்டில் ஊறுகாய்.

ஊரில் ஏற்கெனவே இருக்கும் மருத்துவக் காப்பீடு வெளிநாட்டில் உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். வழக்கமான இந்திய மருத்துவக் காப்பீடு இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான். உலகளாவிய பாதுகாப்பு உண்டு என்று பாலிசியில் வெளிப்படையாக எழுதியிருந்தாலொழிய, அதை நம்பி விமானம் ஏற வேண்டாம். கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் பயணக் காப்பீடும் பெரும்பாலும் விமான விபத்து மரணத்துக்கானது. டிக்கெட்டை அதே கார்டில் வாங்கியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் இருக்கும்.

30,000 யூரோ எங்கிருந்து வந்தது?

ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் இயற்றிய விசா விதித்தொகுப்பின் 15-ஆவது பிரிவு, ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பகுதி) விசா கேட்பவரிடம் குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. இன்றைய மாற்று மதிப்பில் அது 30 லட்சம் ரூபாயைத் தாண்டும். அவசர சிகிச்சை, மருத்துவமனைச் சேர்க்கை, நோய் காரணமாகத் திருப்பி அனுப்புதல், மரணம் ஆகியவை அதில் அடங்க வேண்டும். ஷெங்கன் பகுதி முழுவதிலும், தங்கும் நாட்கள் அனைத்துக்கும் அது செல்ல வேண்டும்.

பயணியின் பிள்ளைகள் கடனாளியாகக் கூடாது என்ற கவலையில் எழுதப்பட்ட விதி அல்ல இது. வருகிறவரின் ஆஸ்பத்திரிச் செலவு தங்கள் அரசின் தலையில் விழக் கூடாது என்பதற்கான குறைந்தபட்ச வேலி. இந்த விதியில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, எல்லை. 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்த பிறகு ஷெங்கனில் 29 நாடுகள் உள்ளன. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. 'லண்டன், பாரிஸ், சுவிஸ்' என்று விற்கப்படும் பேக்கேஜில் போகிறவர் ஷெங்கனுக்கு மட்டுமான பாலிசி எடுத்தால் லண்டனில் இருக்கும் நாட்களுக்குக் காப்பீடு இல்லை. போகும் வழியில் துபாயில் இரண்டு நாள் தங்கினால் அதற்கும் இதே கதிதான்.

இரண்டு, பலமுறை போய்வரும் விசா. முதல் பயணத்துக்கான காப்பீட்டை மட்டும் காட்டினால் போதும். அடுத்தடுத்த பயணங்களுக்கும் எடுப்பேன் என்று விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இரண்டாவது முறை போகும்போது யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

நாட்டுக்கு நாடு மருத்துவச் செலவு மாறுவதால்தான், 'அமெரிக்கா, கனடா உட்பட' என்றும் 'அமெரிக்கா, கனடா நீங்கலாக' என்றும் நிறுவனங்கள் உலகத்தை இரண்டாகப் பிரித்து விற்கின்றன. இரண்டுக்கும் பிரீமியத்தில் நல்ல வித்தியாசம் இருக்கும்.

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அவசரப் பிரிவுக்கு வருகிறவரைப் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, உடல்நிலையைச் சீராக்க வேண்டும் என்று மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. 'அங்கே எமர்ஜென்சி இலவசம்' என்று சொல்கிறவர்கள் இதைத்தான் அரைகுறையாகக் கேட்டிருப்பார்கள். சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதுதான் சட்டம். பில் பின்னாலேயே வரும்.

இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால், சுற்றுலா வந்தவரிடம் வழக்கமான கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வாங்குவார்கள். 500 பவுண்டோ அதற்கு மேலோ இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி நின்றால் அடுத்த விசாவை மறுக்க அதுவே காரணமாகலாம். பிரிட்டன் சுற்றுலா விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதால் எடுக்காமல் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

என் கணிப்பில், தென்கிழக்கு ஆசியாவுக்கும் வளைகுடாவுக்கும் 50,000 டாலருக்குக் குறையாமல் எடுக்கலாம். ஐரோப்பாவுக்கு 30,000 யூரோவோடு நிற்காமல் ஒரு லட்சம் டாலர். அமெரிக்காவுக்கு இரண்டரை லட்சம் டாலரிலிருந்து தொடங்கலாம். தொகையைக் கூட்டும்போது பிரீமியம் அதே விகிதத்தில் கூடாது. இளம் வயதினருக்குக் கூடுவது சில நூறு ரூபாயாகக்கூட இருக்கும். ஆனால் தொகையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிட முடியாது.

ஒரு லட்சம் டாலர் பாலிசி 22,400 டாலர் ஆவது எப்படி

சப்-லிமிட் எனப்படும் உள்வரம்புதான் காரணம். மொத்தத் தொகை எவ்வளவாக இருந்தாலும் அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று தனித்தனி உச்சவரம்பு வைப்பது. இந்தியப் பாலிசிகளில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இது பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் அப்பா, அம்மாக்கள் இந்த வயதுக்காரர்கள்தான். இன்னொரு சொல் டிடக்டபிள்: ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய சிறு தொகை.

ஒரு கற்பனைக் கணக்கு. 65 வயதுக்காரர், ஒரு லட்சம் டாலர் பாலிசி. ஐந்து நாள் மருத்துவமனை வாசம், ஓர் அறுவை சிகிச்சை.

1. அறை: நாளுக்கு 6,000 டாலர், ஐந்து நாளுக்கு 30,000. பாலிசியின் உள்வரம்பு நாளுக்கு 1,500. கிடைப்பது 7,500.

2. அறுவை சிகிச்சை: பில் 40,000. உள்வரம்பு 10,000. கிடைப்பது 10,000.

3. பரிசோதனை, மருத்துவர் கட்டணம் முதலியவை: பில் 15,000. உள்வரம்பு 5,000. கிடைப்பது 5,000.

மொத்த பில் 85,000. காப்பீடு தருவது 22,500. அதில் டிடக்டபிள் 100 போனால் 22,400. குடும்பம் கட்ட வேண்டியது 62,600 டாலர். காப்பீட்டுத் தொகையோ ஒரு லட்சம்! இந்தப் பாலிசியை ஐந்து லட்சம் டாலருக்கு உயர்த்தியிருந்தாலும், உள்வரம்புகள் அதற்கேற்ப உயராவிட்டால் ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

உள்வரம்பு இல்லாத ஒரு லட்சம் டாலர் பாலிசி, உள்வரம்பு உள்ள ஐந்து லட்சம் டாலர் பாலிசியைவிட மேல். விலை ஒப்பிடும் இணையதளங்களில் பிரீமியமும் மொத்தத் தொகையும்தான் பளிச்சென்று தெரியும். உள்வரம்பு அட்டவணையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'உங்கள் வயதுக்கு சப்-லிமிட் உண்டா, இல்லையா' என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும்

கிளெய்ம் மறுக்கப்படும்போது அடிக்கடி அடிபடும் பெயர், 'ஏற்கெனவே உள்ள நோய்'. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் மருத்துவக் காப்பீட்டில் இதற்கான காலத்தை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. அதாவது, பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற நோய். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதில் வரும். 'அதெல்லாம் நோயா, எல்லோருக்கும் இருப்பதுதானே' என்று நாம் நினைப்பதை நிறுவனம் ஏற்காது.

பயணக் காப்பீட்டில் பொதுவாக மூன்று வகை நிலைப்பாடுகள் உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஒன்றுமே தராதவை. உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு சிறு வரம்புக்குள் தருபவை. கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அதிக வரம்பு தருபவை. வயதானவர்களுக்கு மூன்றாவது வகையைத்தான் தேட வேண்டும்.

விண்ணப்பத்தில் நோயை மறைத்தால் பிரீமியம் குறையும் என்று யோசனை சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். மருத்துவமனையில் சேர்ந்ததும் முதலில் கேட்கப்படுவது 'என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்பது. அந்தப் பதில் மருத்துவக் குறிப்பில் ஏறும். கிளெய்மைப் பரிசீலிக்கிறவர் தேடிப் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். மறைத்தது தெரிந்தால், சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாத எலும்பு முறிவுக்குக்கூடச் சிக்கல் வரலாம்.

இந்தியப் பாலிசியா, அமெரிக்கப் பாலிசியா?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், வருகையாளர்களுக்கென்று அங்கே விற்கப்படும் காப்பீட்டை வாங்கலாமா என்று குழம்புகிறார்கள். அவற்றில் இரண்டு ரகம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிர்ணயித்த ரகம் விலை மலிவு, ஆனால் மேலே பார்த்த உள்வரம்புக் கதைதான். டிடக்டபிள் போக மீதியை மொத்த வரம்பு வரை தரும் முழுமையான ரகம் விலை கூடுதல்.

முழுமையான ரகத்தில் பெரிய அனுகூலம், அங்குள்ள மருத்துவமனை வலையமைப்போடு நேரடித் தொடர்பு. பில்லை மருத்துவமனையே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். நாட்டுக்குள் போன பிறகும் வாங்கலாம். இந்தியப் பாலிசியைப் பொதுவாக இங்கிருந்து கிளம்பும் முன்பே வாங்கியாக வேண்டும். அமெரிக்கப் பாலிசியிலும் பழைய நோய்க்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. முன்னறிகுறி இல்லாமல் அது திடீரெனத் தீவிரமானால் மட்டும் தருவோம் என்பார்கள். அதற்கும் வயது வரம்பு இருக்கும். ஆறு மாதம் தங்கப்போகும் 65 வயதுக்காரருக்கு, பணம் இடம் கொடுத்தால் முழுமையான அமெரிக்கப் பாலிசி என் தேர்வு. பத்து நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு உள்வரம்பு இல்லாத இந்தியப் பாலிசி போதும்.

விலக்குப் பட்டியலில் நம்மவர்கள் மாட்டும் இடங்கள்

1. வாடகை பைக். தாய்லாந்திலும் பாலியிலும் வியட்நாமிலும் ஸ்கூட்டர் எடுத்துச் சுற்றுவது வழக்கமாகிவிட்டது. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீடு கிடைக்காது. ஆர்டிஓ அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி தரப்படும் அனுமதியை. அதனால் நம் அனுமதியைக் கையில் வைத்திருந்தாலும் அங்கே உரிமம் இல்லாதவர்தான். ஊரில் கார் உரிமம் மட்டும் உள்ளவருக்கு எந்த நாட்டிலும் பைக்குக்கு அது உதவாது. மது அருந்தியிருந்தால் பேச்சே இல்லை.

2. உயரம். திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கயிலாய மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமாவில் கடக்கும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். பல பாலிசிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஒதுங்கிக்கொள்ளும். சில, மலையேற்றத்தையே சாகச விளையாட்டில் சேர்க்கும். நேபாளம் வழியாகக் கயிலாயம் போகிறவர் பாலிசியில் நேபாளம், சீனா இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஹெலிகாப்டர் மீட்பை உதவி மையத்தின் முன் அனுமதியோடு மட்டுமே ஏற்பார்கள். தேவையில்லாமல் ஆட்களை ஏற்றிக் காப்பீட்டுப் பணம் கறந்த மோசடி நேபாளத்தில் 2018-இல் விசாரணைக்கு வந்தபிறகு இதில் கெடுபிடி அதிகம்.

3. போர். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியை மூடியதும் தோஹா வழியாகப் போக இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். போரும் போர் போன்ற நடவடிக்கைகளும் ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளிலும் விலக்கு. அப்படிப்பட்ட நாளில் மாற்று விமானமோ டிக்கெட் பணமோ கேட்க வேண்டிய இடம் விமான நிறுவனம்தான். பதற்றம் செய்தியாகிவிட்ட பிறகு வாங்கும் பாலிசியில் அது 'தெரிந்த நிகழ்வு' ஆகிவிடும். 2020-இல் கொரோனா விஷயத்திலும் இந்தக் காரணத்தால்தான் பலருக்குக் கையை விரித்தார்கள்.

4. விமான நிறுவனம் திவாலாவது. 2023 மே 3 முதல் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியபோது முன்பதிவு செய்தவர்கள் பணத்துக்கு அலைந்தார்கள். பல பாலிசிகள் இதைத் தொடாது. கிரெடிட் கார்டில் வாங்கிய டிக்கெட்டுக்கு, சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி உண்டு.

பெட்டிக்கும் தாமதத்துக்கும் முதல் பொறுப்பு விமான நிறுவனம்

சர்வதேச விமானத்தில் பெட்டி தொலைந்தால் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி விமான நிறுவனமே இழப்பீடு தர வேண்டும். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), தோராயமாக 2,000 டாலர். சேதத்துக்கு 7 நாளிலும் தாமதத்துக்கு, பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாளிலும் எழுத்தில் புகார் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானமும், ஏர் இந்தியாவே ஆனாலும், நிறுவனத்தின் தவறால் ரத்தானாலோ நெடுநேரம் தாமதமானாலோ தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கேட்க உரிமை உண்டு. பயணக் காப்பீடு தருவது இதற்கு மேல் கொஞ்சம். விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே லக்கேஜ் கவுன்ட்டரில் பிஐஆர் எனப்படும் புகார்ப் படிவத்தை வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் இரண்டு இடத்திலும் வேலைக்காகாது.

வாங்கும் நாளும் கிளெய்ம் செய்யும் நாளும்

கிளம்புவதற்கு முந்தைய இரவு வாங்கினாலும் மருத்துவப் பாதுகாப்பு கிடைத்துவிடும். பயண ரத்துப் பாதுகாப்பு மட்டும் பாலிசி வாங்கிய நாளிலிருந்தே தொடங்குவது. அந்தப் பலன் வேண்டுமென்றால் டிக்கெட் போட்ட கையோடு பாலிசியும் எடுப்பதுதான் கணக்கு. எந்தக் காரணங்களுக்கு ரத்து செய்தால் பணம் வரும் என்ற பட்டியல் பாலிசியில் இருக்கும். மனம் மாறியது அதில் இருக்காது, விசா மறுப்பும் பெரும்பாலும் இருக்காது.

வெளிநாட்டில் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் முதல் வேலை, பாலிசியில் உள்ள உதவி மைய எண்ணுக்குப் போன் செய்வது. அவர்கள்தான் மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் அனுப்பி கேஷ்லெஸ் ஏற்பாடு செய்ய முடியும். தாமதமாகச் சொன்னால் அதையே காரணம் காட்டித் தொகையைக் குறைக்கும் பாலிசிகள் உண்டு. சிறு சிகிச்சைக்குப் பெரும்பாலும் நாமே கட்டிவிட்டு ஊர் வந்து கேட்க வேண்டியிருக்கும். மருத்துவர் எழுதிய நோய்க் குறிப்பு, பில்கள், கட்டிய ரசீதுகள், போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கம் எல்லாம் கேட்பார்கள். திருட்டென்றால் அந்த ஊர் போலீஸ் புகாரின் நகலும் வேண்டும்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இந்திய நிறுவனங்களின் பாலிசிகள்தான் அவர் எல்லைக்குள் வரும். அமெரிக்காவில் வாங்கிய பாலிசியில் தகராறு வந்தால், அங்குள்ள மாநிலக் காப்பீட்டுத் துறையிடம்தான் முறையிட வேண்டும்.